அடுக்களையில் ஒரு ஜெர்மன் படம்

“மைன் கிண்ட் ஹாட் ஃபீபர்… மைன் கிண்ட் ஹாட் ஃபீபர்…”

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை காலை. அடுப்பில் ரசம் நுரை கூடி வரும் நேரம். எங்கள் வீட்டு மாடியிலிருந்து இந்த ஒரே வாக்கியம் மறுபடி மறுபடி என் காதில் வந்து விழுந்து கொண்டிருந்தது. ஏதோ சுலோகம் மனப்பாடம் செய்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன், 14 தடவை! பதினைந்தாவது தடவையில் அந்தப் பெண் குரல் பாதியில் உடைந்து, “முடியலை டீச்சர்” என்று தமிழுக்கே திரும்பிவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போனேன். போனவள் சும்மா வந்தேனா? அடுத்த இரண்டு மாதத்துக்கு ஒரு சினிமாப் படப்பிடிப்பில் மாட்டிக் கொண்டேன்! பயந்து விடாதீர்கள். 4 நிமிஷப் படம். காமிரா ஒரு செல்போன். ஸ்டூடியோ என் அடுக்களை. பாஷை ஜெர்மன். நடித்தவர்கள் எல்லாரும் உங்களையும் என்னையும் போலக் குடும்பப் பெண்கள். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்து கொள்ளப் போகிறேன்.

ஏன் இந்த ஜெர்மன்?

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருக்கிறது. ஜெர்மன் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், எங்கள் மாடி அறையில் வாரம் 3 நாள் வகுப்பு நடத்துகிறார். அந்த சமயத்தில் வகுப்பில் 4 பேர். பெருங்களத்தூரிலிருந்து வரும் ஓர் இளம் தாய். அவளுடைய கணவர் ஜெர்மனியில் ஓர் இந்திய ஓட்டலில் சமையல்காரர். மாடம்பாக்கத்திலிருந்து ஓர் எஞ்சினீயரின் மனைவி. பம்மலிலிருந்து ஒரு நர்ஸ். குரோம்பேட்டையிலிருந்து 62 வயது மாமி ஒருவர்; பெண்ணின் பிரசவத்துக்காக ம்யூனிக் போக இருந்தார்.

“தாம்பரத்தில் உட்கார்ந்து கொண்டு ஜெர்மன் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். டீச்சர் விளக்கினார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் கணவரோடு போய்ச் சேர விரும்பும் மனைவி, விசா வாங்குவதற்கு முன்பே ஓரளவு ஜெர்மன் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று 2007 ஆகஸ்டில் அந்த நாட்டில் சட்டம் வந்தது. கட்டாயக் கல்யாணங்களைத் தடுக்கவும், போகிற இடத்தில் பெண்கள் வாயில்லாப் பூச்சியாக இருக்கக் கூடாது என்பதற்காகவும் இந்த ஏற்பாடு என்று அப்போது காரணம் சொன்னார்கள். 6 படிகள் கொண்ட பாஷைப் படிக்கட்டில் ‘ஏ-1’ என்னும் முதல் படியைத் தாண்டினால் போதும்.

ஆனால் எல்லாருக்கும் இந்த நிபந்தனை இல்லை. உயர் படிப்பும் உயர் சம்பளமும் உள்ளவர்களுக்கு ‘ப்ளூ கார்ட்’ என்று ஒரு வேலை அனுமதி 2012-லிருந்து உண்டு. அதை வைத்திருப்பவரின் மனைவிக்கு இந்தப் பரீட்சை வேண்டியதில்லை. வேறு சில விலக்குகளும் உண்டு. ஆகவே மாடம்பாக்கத்துப் பெண் ஆசைக்காகப் படித்தாள். பெருங்களத்தூர்ப் பெண்ணோ தேறினால்தான் போக முடியும் என்ற நிலையில் படித்தாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு ‘ஏ-1’ எல்லாம் போதாது. ‘பி-1’, ‘பி-2’ வரை ஏறியாக வேண்டும்.

(உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் போக இருந்தால், அக்கம் பக்கத்தார் சொல்வதை நம்பாமல் தூதரக விதிகளை நேராகப் பார்த்துக் கொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும்.)

எழுத வரும், பேச வராது

இந்த ‘ஏ-1’ பரீட்சையைச் சென்னையில் நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் கெதே இன்ஸ்டிட்யூட் நடத்துகிறது. மாக்ஸ் முல்லர் பவன் என்றால் பழைய ஆட்களுக்குச் சட்டென்று தெரியும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று 4 பகுதிகள். பகுதிக்கு 25 மார்க். மொத்தம் 60 வாங்கினால் தேர்ச்சி. பேச்சுப் பகுதியைச் சிலரைச் சேர்த்து உட்கார வைத்து ஒரு கால் மணி நேரம் நடத்துவார்கள். முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சீட்டை எடுத்து அதில் உள்ள விஷயம் பற்றிப் பக்கத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் ஒரு படத்தைப் பார்த்து ஏதாவது உதவி கேட்க வேண்டும். இவ்வளவுதான்.

பெருங்களத்தூர்ப் பெண் முதல் தடவை எழுதினபோது மொத்தம் 56 வந்தது. மற்ற 3 பகுதிகளிலும் சேர்த்து 50. பேச்சில் மட்டும் 25-க்கு 6! நாலே நாலு மார்க்கில் போய்விட்டது. மறுபடியும் முழுப் பரீட்சைக்கும் பணம் கட்டி, முழுவதும் எழுத வேண்டும்.

“நோட்டுல எல்லாம் சரியா எழுதறேன் அக்கா. வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது” என்றாள் என்னிடம். மூன்று வயதுப் பெண் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக் கொண்டு நின்றது. அப்பா ஊருக்குப் போனபோது அது 10 மாதக் குழந்தை. இப்போது அப்பா என்றால் அதற்குச் செல்போனில் தெரியும் ஒரு முகம். கணவரும் மாமியாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனாலும், “4 மார்க்குதானே!” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்ணைத் துரும்பாக்கி விட்டார்கள்.

இதை வெறும் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். பயம் வந்தவுடன் உடம்பு ஏதோ புலியைக் கண்டது போல் தயாராகிறது. நெஞ்சு படபடக்கிறது, எச்சில் சுரப்பது குறைந்து நாக்கு வறள்கிறது, மூச்சு மேலெழுந்தவாரியாகப் போகிறது. தாய்மொழியிலேயே வார்த்தை வராது. அந்நிய பாஷை எங்கிருந்து வரும்? டீச்சர் ஒரு சின்ன வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். 4 எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக வெளியே விட வேண்டும். இப்படி ஐந்தாறு தடவை செய்தபின் ஒரு வாய் தண்ணீர். வெளி மூச்சு நீண்டால் படபடப்பு தணியும். பிள்ளைகளின் பரீட்சைக்கும் இது உதவும்.

டீச்சரின் யோசனை

மூச்சு சரியானது, வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை. அன்று மாடியில் எல்லாரும் முகம் வாடி உட்கார்ந்திருந்தபோது டீச்சர் திடீரென்று, “ஒரு சினிமா எடுப்போமா?” என்றார்.

“சினிமாவா! என் மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்” என்றாள் பெருங்களத்தூர்ப் பெண்.

டீச்சர் விடவில்லை. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வந்தது. (நம் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் அதே 1931-ல்தான்!) அந்தப் படத்தில் கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசுவார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். துணை நடிகர்கள் சிலர் ஹிந்தி பேசுவார்கள். ஜனங்கள் கொட்டகையில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். அதே ராஜலக்ஷ்மி 1936-ல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். தமிழ்ப் படத்தை இயக்கிய முதல் பெண்மணி அவர்தான். அந்த 1936-லேயே ‘சதி லீலாவதி’யை இயக்கியவர் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாதவர்! எம். எஸ். சுப்புலக்ஷ்மி நடித்த ‘மீரா’வையும் (1945) அவர்தான் எடுத்தார்.

“தமிழ் தெரியாத மனிதர் தமிழ்ப் படம் எடுத்திருக்கிறார். பாதி ஜெர்மன் தெரிந்த நாம் ஜெர்மன் படம் எடுத்தால் என்ன குறைந்து போகும்?” என்றார் டீச்சர்.

அவருடைய யோசனையில் ஒரு சூட்சுமம் இருந்தது. வகுப்பில் ஒரு வாக்கியத்தை 15 தடவை சொல்லச் சொன்னால், “எனக்கு வரவில்லை” என்று அவமானமாக இருக்கும். படப்பிடிப்பில் 15 தடவை சொன்னால், “இன்னும் ஒரு டேக்” என்று பெயர்! பெரிய நட்சத்திரங்களுக்கே அது சகஜம். செய்யும் வேலை ஒன்றுதான். பெயர் மாறினால் வெட்கம் போய்விடுகிறது.

காய்ச்சல் 102!

என்ன கதை எடுப்பது? காதல் கதை வேண்டாம் என்று மாமி முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடம்பாக்கத்துப் பெண் கடைக்குப் போகும் காட்சி என்றாள். நர்ஸ்தான், “அங்கே போய் முதல்ல எதுக்குப் பயப்படுவீங்க, அதை எடுங்க” என்றாள். பெருங்களத்தூர்ப் பெண் குழந்தையைப் பார்த்தாள். “இவளுக்கு ராத்திரியில் காய்ச்சல் வந்தால்?” என்றாள்.

கதை அங்கேயே முடிவாகிவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல். தாய் டாக்டரின் ஆபீசுக்குப் போன் செய்து நேரம் கேட்கிறாள். மொத்தம் 12 வாக்கியம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு. முதல் வாக்கியம்தான் நான் ரசம் வைக்கும்போது கேட்டது. வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த வாக்கியம் அது. ‘மைன் கிண்ட் ஹாட் ஃபீபர்’ என்றால், என் குழந்தைக்குக் காய்ச்சல்.

ஒத்திகையில் நர்ஸ் ரிசப்ஷனிஸ்ட் குரலில், “எவ்வளவு காய்ச்சல்?” என்று கேட்டாள். பெருங்களத்தூர்ப் பெண் யோசித்து, கஷ்டப்பட்டு, ஜெர்மனில் நூற்றிரண்டு என்று சொல்லிவிட்டாள். டீச்சர் சிரித்தார்.

“அம்மா, அங்கே செல்ஷியஸ் கணக்கு. 100 டிகிரியில் தண்ணீரே கொதித்துவிடும். 102 என்றால் அவர்கள் டாக்டரை அனுப்ப மாட்டார்கள். தீயணைப்பு வண்டியைத்தான் அனுப்புவார்கள்!”

எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாமெல்லாம் பரம்பரையாக 101, 102 என்றே சொல்லிப் பழகியவர்கள். அவசரத்தில் அதுதானே வாயில் வரும்? அந்நிய ஊரில், ராத்திரியில், கைக்குழந்தையோடு நிற்பவளுக்கு இந்த ஒரு எண் எத்தனை பெரிய விஷயம்! நீங்களும் ஒரு சீட்டில் எழுதி மருந்து அலமாரியில் ஒட்டி வையுங்கள்: 37 டிகிரி செல்ஷியஸ் என்பது நம் கணக்கில் 98.6, 38 என்பது 100.4; 39 என்பது 102.2, 40 என்பது 104. செல்ஷியஸை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். 3 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 38 (அதாவது 100.4) வந்தாலே கை வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இது எந்த ஊருக்கும் பொது.

எண்ணைச் சொல்வதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 38 என்பதை ஜெர்மனில் ‘எட்டும் முப்பதும்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தசமப் புள்ளியை ‘கமா’ என்பார்கள். 38.5 என்றால் எட்டும் முப்பதும், கமா, ஐந்து. அந்த ஐந்துக்கான ‘ஃப்யுன்ஃப்’ என்ற வார்த்தையில் நம் பாஷையில் இல்லாத ஓர் உயிர் ஒலி வருகிறது. டீச்சர் அதற்கு அழகான வழி சொன்னார். “வாய்க்குள் ‘ஈ’ என்று சொல்லிக் கொண்டே, உதட்டை மட்டும் ‘ஊ’ மாதிரி குவியுங்கள்.” நீங்களும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

நேரம் சொல்வதில்தான் பெரிய பள்ளம் இருந்தது. ‘ஹால்ப் எல்ஃப்’ என்றால் வார்த்தைக்கு வார்த்தை ‘பாதி பதினொன்று’. நாம் பதினொன்றரை என்று நினைப்போம். அவர்களுக்கோ அது பத்தரை! பதினொன்றை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்று கணக்கு. ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்போம். “இதைக் கட்டாயம் படத்தில் வைக்க வேண்டும்” என்று டீச்சர் பன்னிரண்டில் ஒரு வாக்கியத்தை அதற்கே ஒதுக்கினார்.

தமிழ்ப் பெண்களுக்குச் சௌகரியங்களும் இல்லாமலில்லை. நம்மைப் போலவே அவர்களும் நீ, நீங்கள் என்று மரியாதை பிரிக்கிறார்கள். ‘வேண்டும்’, ‘முடியும்’ போன்ற சொற்கள் வரும்போது முக்கியமான வினைச்சொல் நம் தமிழ் மாதிரியே கடைசியில் போய் உட்கார்ந்து கொள்கிறது. ஆனால் ஸ்பூன் ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை என்று படிக்க வேண்டியிருக்கிறது. சிறுமி என்ற வார்த்தைகூட அவர்கள் இலக்கணத்தில் பெண்பால் இல்லையாம். “நன்னாயிருக்கு நியாயம்!” என்று மாமி கோபித்துக் கொண்டார்.

மாமிக்குப் பாட்டி வேஷம். “எனக்கு நீள வசனமெல்லாம் வாயில் நுழையாது. ஒரே ஒரு வாக்கியம் கொடு போதும்” என்றார். அவருக்குக் கொடுத்தது இது: “நொஹ் ஐன்மால், பிட்டே. லாங்ஸாம்.” இன்னொரு தடவை, தயவு செய்து, மெதுவாக.

முகம் வேண்டாம், கை போதும்

முதலில் வெளியில் படம் எடுக்க ஆசைப்பட்டார்கள். 1937-லிருந்து தாம்பரத்தில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லூரியின் மரக்கூட்டம் ஜெர்மனிக் காடு மாதிரியே இருக்கும் என்றாள் ஒருத்தி. ரயில்வே ஸ்டேஷன் என்றாள் இன்னொருத்தி. இரண்டுக்கும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் என் அடுக்களைக்கே யோகம் அடித்தது.

பெருங்களத்தூர்ப் பெண்ணின் மாமியாரை நானே போய்ப் பார்த்தேன். அவர் சண்டை போடவில்லை. “படிப்புக்குன்னா சரிம்மா. ஆனா இந்தக் காலத்துல ஒரு போட்டோ எங்கெங்கேயோ போயிடுது. அவ புருஷன் ஊர்ல இல்லை. எனக்குப் பயமாயிருக்கு” என்றார். அந்தப் பயத்தில் என்ன தப்பு? டீச்சர் உடனே கதையை மாற்றினார். தாயின் முகமே படத்தில் வராது. தெர்மாமீட்டர் பிடித்த கை, போனைப் பிடித்த கை, நெற்றியில் ஈரத்துணி போடும் கை; இவ்வளவுதான் தெரியும். குரல் மட்டும் அவளுடையது. குழந்தையையும் காட்டவில்லை, போர்வைக்குள் ஒரு தலையணை நடித்தது! படம் வகுப்புக்கும் அவள் கணவருக்கும் தவிர வேறு யாருக்கும் போகாது என்று எல்லாரும் வாக்குக் கொடுத்தோம்.

முகம் மறைந்ததால் படம் கெட்டுப் போகவில்லை, இன்னும் நன்றாகவே வந்தது. ‘என் முகம் எப்படி இருக்கிறதோ’ என்ற கவலை போனவுடன் அவளுடைய குரல் திறந்து கொண்டது.

படப்பிடிப்பு 3 நாள் காலை வேளைகளில் நடந்தது. ஜன்னல் வெளிச்சம் முதுகுப் பக்கம் இல்லாமல் பக்கவாட்டில் விழும்படி நின்றோம். அரிசி டப்பா மேல் செல்போனைச் சாய்த்து, ஆடாமல் இருக்கத் துணி சுற்றினோம். மின்விசிறியை நிறுத்தினோம். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் நிறுத்தினோம். அன்றைக்கு அதை மறுபடி போட மறந்து, மறுநாள் அரை லிட்டர் பால் திரிந்தது என் கணக்கு! சத்தத்துக்கு இன்னொரு போனைக் காபி டம்ளர் பின்னால் ஒளித்து வைத்தோம். படத்தைவிடக் குரல்தான் முக்கியம். அது வாய்க்கு ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். போன் கால் வந்து கெடுக்காமல் இருக்க, இரண்டையும் ஏரோப்ளேன் மோடில் போட்டோம். அதற்கென்ன, நிஜ ஏரோப்ளேன் வந்து கெடுத்தது! விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் “கட்!” பக்கத்து வீட்டுக் குக்கர் கூவினால் “கட்!” நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு கட்டுக்கும் அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

38.5 வரும் காட்சிக்கு 17 டேக். பத்தாவது டேக்குக்கு மேல் அவள் மொழிபெயர்த்து யோசிப்பதை விட்டுவிட்டாள் என்று எனக்கே தெரிந்தது. கை தலையணையைத் தடவிக் கொண்டிருந்தது. வாய் பாட்டுக்குச் சரியாகச் சொல்லியது. பதினேழாவது டேக்கில் நிஜமாகவே கவலைப்பட்ட ஒரு தாயின் குரல். கதவோரம் நின்றிருந்த குழந்தை ஓடி வந்து, “அம்மா, எனக்குக் காய்ச்சல் இல்லை” என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. அதையும் “கட்” செய்யத்தான் வேண்டியிருந்தது. மனசில்லாமல் செய்தோம்.

தன் குரலைத் தானே கேட்டபோது

துண்டுகளை ஒட்டும் வேலையை மாடம்பாக்கத்துப் பெண் போனிலேயே செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஹாலில் திரையிட்டோம். எல்லாரும் முதலில் சொன்ன அபிப்பிராயம் ஒன்றே: “ஐயே, என் குரல் இப்படியா இருக்கு?”

எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை. மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. அதனால் கனமாகக் கேட்கும். பதிவு செய்ததில் அந்தக் கனம் இருக்காது, மெல்லிசாகக் கேட்கும். குரலில் குறை எதுவும் இல்லை. அந்த முதல் கூச்சம் போனபின் அதே பதிவு ஒரு நல்ல கண்ணாடியாகிறது. எந்த எழுத்தை விழுங்குகிறோம், எங்கே தயங்குகிறோம் என்று பிறர் சொல்லாமலே தெரிகிறது.

கணவருக்குப் படத்தை அனுப்பினாள். அவர் ஓட்டல் வேலை முடிந்து நடுராத்திரியில் பார்த்தாராம். “பேசறது நீதானா?” என்று கேட்டாராம். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீங்களும் செய்யலாம்

ஜெர்மன்தான் என்றில்லை. வேலைக்கு இங்கிலீஷ், டில்லிக்கு மாற்றலானவர்களுக்கு ஹிந்தி, எந்தப் பாஷையானாலும் சரி. நாலைந்து பேர் சேருங்கள். தெரிந்தவர் ஒருவர் உச்சரிப்பைத் திருத்த வேண்டும். தப்பாக 17 தடவை சொன்னால் தப்புதான் ஊறும். உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படும் ஒரு காட்சியை எடுங்கள். 12 வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள். காகிதத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள். மறந்தால் நிறுத்தி மறுபடி சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் 5 விநாடி மௌனம் விட்டால் ஒட்டுவது சுலபம். படத்தை யார் பார்க்கலாம் என்பதை எடுப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். குழந்தைகளைக் காட்டாமலே எடுக்க முடியும்.

வகுப்பு கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனம், ‘நிகோஸ் வேக்’ என்று கதைப்படமாகவே முதல் படிப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. ஸ்பெயினிலிருந்து வந்து விமான நிலையத்தில் பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் ஒரு பையனின் கதை. ஒரு காட்சியைப் பார்த்து, ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே வசனம் பேசிப் பாருங்கள்.

அங்கே போகிறவர்கள் இரண்டு எண்களையும் குறித்துக் கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு 112. டாக்டர் ஆபீஸ் மூடியிருக்கும் நேரத்தில், அவ்வளவு அவசரமில்லாத உடல்நலக் குறைவுக்கு 116117.

பெருங்களத்தூர்ப் பெண் இரண்டாம் தடவை தேறினாள். சினிமாவால்தான் தேறினாள் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி 11 மணிக்கு மேல் உட்கார்ந்து படித்தது எனக்குத் தெரியும். ஆனால் இம்முறை பேச்சில் 25-க்கு 18. மாடம்பாக்கத்துப் பெண்ணும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நர்ஸ் இன்னும் ‘பி-2’-வோடு மல்லுக் கட்டிக் கொண்டிருக்கிறாள். மாமி பேரனைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

போன மாதம் அவளிடமிருந்து எனக்குப் போனில் ஒரு குரல் செய்தி வந்தது.

“அக்கா, பாப்பாவுக்கு நிஜமாவே காய்ச்சல். டாக்டர் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். முப்பத்தெட்டரைன்னு சரியாச் சொல்லிட்டேன். ஆனா அந்தம்மா படபடன்னு என்னமோ சொன்னாங்க, ஒண்ணுமே புரியலை. நம்ம நர்ஸ் பேசின மாதிரி இல்லவே இல்லை. கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்தது. அப்ப என் வசனம் எதுவும் வரலைக்கா. மாமி வசனம்தான் வந்தது. ‘நொஹ் ஐன்மால், பிட்டே. லாங்ஸாம்.’ அந்தம்மா நிறுத்தி, நிதானமாச் சொன்னாங்க. ஹால்ப் எல்ஃப். பத்தரை! சரியான நேரத்துக்குப் போயிட்டோம். பாப்பா இப்ப தூங்கறா.”

குரோம்பேட்டைக்குப் போய் மாமிக்குப் போட்டுக் காட்டினேன். மாமி ஒன்றும் பேசவில்லை. செய்தி முடிந்ததும் காதில் கையை வைத்துக் கொண்டு, “இன்னொரு தடவை போடு” என்றார்.